கண்ணாடியில் விழுந்தவள்

ப்ளம்பர் வரமாட்டான். முப்பிடாதிக்கு அது காலையிலேயே தெரியும். "பதினோரு மணிக்கு டாண்ணு நிப்பேன் மேடம்" என்று சொன்ன எந்த ப்ளம்பரும் இந்தச் சென்னையில் பதினோரு மணிக்கு நின்றது கிடையாது. இருந்தும் அவள் குளித்து, நைட்டியை மாற்றி, துப்பட்டா வரைக்கும் போட்டுக்கொண்டு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி. படுக்கையறை லாஃப்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வாளி. முதலில் வாளி காலியாக இருந்தபோது டங் என்று கேட்டது, இப்போது கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததால் சொட் என்று மரியாதையாகக் கேட்கிறது. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசிகிறது. மேல் வீட்டு அம்மா "எங்க வீட்ல எல்லாம் ட்ரையாத்தான் இருக்கு" என்கிறாள். உன் வீட்டில் ட்ரையாகத்தான் இருக்கும், ஈரம் பூராவும் என் வீட்டில் இருக்கிறதே. அவள் புருஷன் சேகரன் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது "ப்ளம்பர் நம்பர் வாட்ஸப்ல போட்டுட்டேன்" என்றார். அதோடு அவர் கடமை முடிந்தது. நம்பர் அனுப்பினால் குழாய் தானாக அடைத்துக்கொள்ளும் என்று நினைக்கிற ஆள். ஸ்டூலைப் போட்டு ஏறி லாஃப்டைத் திறந்து பார்க்கலாம். ஸ்டூல் இருக்கிறது. கை கால் இருக்கிறது. ஆனால் ஏறவில்லை. இட்லிக் குண்டான் நனைந்தால் என்ன, பழைய மிக்ஸி நனைந்தால் என்ன, அதற்கெல்லாம் யாரும் பயப்படப் போவதில்லை. பின்னால் சுவரோரமாக அந்த நீலப் பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் அம்மாவின் ஆல்பம் இருக்கிறது. ஈரம் எந்தப் பக்கமாக ஓடியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் ஆல்பம் நன்றாக இருக்கிறது. இதுதான் அவளுடைய கணக்கு. போன் மடியில் இருந்தது. அதையும் அவள் தொடவில்லை. ப்ளம்பருக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்டால். உண்மையில் அவள் அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும். இன்றைக்கு வெள்ளி, லீவு போட்டிருக்கிறாள்; திங்கட்கிழமை காலையில் கண்காட்சி பேனர் அச்சுக்குப் போகிறது. அதற்குள் அக்கா சரி என்று சொல்ல வேண்டும். அம்மா செத்து முதல் வருசத் திதி கழித்ததோடு பேச்சு நின்றுபோன அக்கா.

நாற்காலியை விட்டு எழுந்து வாளியைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் அவளுக்குப் பெயரே ஈரத்தின் எதிரி. ஆவணக் காப்பகத்தில் நெகட்டிவ் வைக்கிற அறைக்குள் தண்ணீர் பாட்டிலோடு யாராவது நுழைந்தால் அவள் போடுகிற சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும். அங்கே ராத்திரி பகல் ஏசி. ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின். முன்பின் தெரியாதவர்களுடைய கல்யாணம், காதுகுத்து, பிணத்தை உட்காரவைத்து எடுத்த படம், எல்லாம் தனித்தனி உறைக்குள் ராஜா மாதிரி படுத்திருக்கும். ஊரார் படத்துக்கு ஏசி, பெற்ற அம்மாவின் ஆல்பத்துக்கு ஒழுகுகிற லாஃப்ட். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அப்புறம் அந்த உரிமை விவகாரம். இருபது வருசமாக அவள் மண்டையைத் தின்கிற விவகாரம். ஒரு பழைய நாடக நோட்டீசை இணையத்தில் போட வேண்டும் என்றால் எழுதினவர் எப்போது செத்தார், வாரிசு யார், எத்தனை பேர், அதில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் தோண்ட வேண்டும். ஒரு பாட்டு வாத்தியாருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், மலேசியாவில் இருக்கிற ஒருத்தர் மட்டும் "என் தம்பி போட்டிருந்தா நான் போடமாட்டேன்" என்றுவிட்டார். பாட்டு இன்னும் அலமாரியில் தூங்குகிறது. "கேக்காம எதையும் எடுக்கக் கூடாது, கேக்காம எதையும் போடக் கூடாது" என்று புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருத்தரிடமும் அவள் சொல்வாள். விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். இப்போது அந்த விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் சொந்த ஊர்ப் பக்கத்து ஆலங்குளம் சுடர் ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டிகள் ஆடி மாதம் வந்தன. ஸ்டூடியோக்காரருடைய மகன் கடையை இடித்து மொபைல் கடை வைக்கப் போகிறானாம், "எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்க மேடம், எங்க அப்பா எடுத்தது எல்லாம் உங்களுக்குத்தான்" என்று தாராளமாகக் கொடுத்துவிட்டான். பாவம், அவனுக்குத் தெரியாது. நெகட்டிவ் அவனுடையது, படம் அவனுடையது இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது: கூலி வாங்கிக்கொண்டு எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தவருக்குத்தான் முதல் உரிமை. கேமராவைப் பிடித்தவருக்கும் இல்லை, கேமரா முன்னால் நின்றவருக்கும் இல்லை. அவள் இதை எத்தனையோ கூட்டத்தில் விளக்கியிருக்கிறாள், ஒரு புதிர் சொல்கிற மாதிரி, "இப்ப சொல்லுங்க, இந்தப் படம் யாருது?" என்று. எல்லாரும் தப்பாகத்தான் சொல்வார்கள். அவளுக்கு அது ஒரு சந்தோஷம். போன மாதம் ஸ்கேன் ஆகி வந்த ஒரு நெகட்டிவ் திரையில் மெதுவாக மேலிருந்து கீழே விரிந்தபோது அந்தச் சந்தோஷம் பொத்தென்று விழுந்தது. ஜடை போட்டோ. முகத்தில் அப்பின பவுடரோடு ஒரு சிறுமி, பின்னால் ஆள் உயரக் கண்ணாடி, கண்ணாடியில் பின்னல் பூராவும் பூ. சிறுமி அவள்தான்.

அந்தப் பூவின் மணம் ஏசி அறையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. மல்லிகை மட்டும் என்றால் பரவாயில்லை, மல்லிகையோடு சேர்ந்து பீடிப் புகையிலை மணம். அக்காவின் விரல் மணம். அக்கா மாடத்தி அஞ்சாம் கிளாசோடு நின்றவள். நின்றாள் என்ன நின்றாள், நிறுத்தினார்கள், மடியில் தட்டைத் தூக்கி வைத்து இலையை வெட்டு, தூளைப் போடு, சுருட்டு, நூலைக் கட்டு என்றார்கள். அவள் சுருட்டின பீடியில்தான் முப்பிடாதியின் நோட்டு, யூனிபார்ம், பஸ் எல்லாம் ஓடியது. அந்த வருசம் முப்பிடாதிக்கு மஞ்சக்காமாலை வந்து பிழைத்ததற்காக அம்மா திருச்செந்தூருக்கு முடி நேர்ந்துகொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. முடி போகப் போகிறது என்று முப்பிடாதி அழவே இல்லை, அக்காதான் அழுதாள். "யம்மா, மொட்டையடிக்கதுக்கு முன்னால ஒரு ஜடை போட்டோ எடுத்திருவோம்மா" என்று நாள் பூராவும் அம்மா பின்னால் திரிந்தாள். அம்மா "போட்டோ எடுத்தா முடி மொளச்சிருமாக்கும்" என்றாள். "நான் குடுக்கேன் காசு" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய் மூஞ்சியைக் கழுவினாள். அப்படி அவள் எழுந்து போன வேகம் இன்றைக்கும் முப்பிடாதிக்கு ஞாபகம் இருக்கிறது, மடியிலிருந்து இலைத் துணுக்குகள் உதிர்ந்தன. வாழைமட்டையைக் கீறி, தாழம்பூ மடலை வைத்து, மல்லி மொட்டையும் கனகாம்பரத்தையும் வரிசை வரிசையாகத் தைத்து, பின்னலோடு சேர்த்துக் கட்டினாள். "ஆடாதட்டி, குத்திரும்" என்று தலையில் குட்டினாள். குட்டுக்கு அழுதால் பவுடர் கலைந்துவிடும் என்று மறு குட்டு. பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காரவிடவில்லை, சாய்ந்தால் பூ நசுங்கிவிடுமாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அக்கா பின்னால் ஒரு சுவர் மாதிரி நின்றுகொண்டு ஏறுகிற இறங்குகிற ஆட்களை எல்லாம் முழங்கையால் தள்ளினாள். "ஏம்மா, ஒந்தங்கச்சி என்ன சப்பரமா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஆமா, சப்பரந்தான், வடம் பிடிக்க வாரீயளா?" என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை எந்த உறைக்குள் போட்டு வைப்பது? ஸ்டூடியோவில் ஏரியும் அன்னமும் வரைந்த திரை, நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, ஊரே போட்டுத் தேய்ந்த பவுடர் டப்பா. ஸ்டூடியோக்காரர் தாவீது அண்ணாச்சி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுத்து, "பிள்ளை நல்லா நிக்கா. ஏம்மா, நீ தள்ளு, நீ கண்ணாடில விழுத" என்றார். அக்கா தள்ளினாள். "இன்னும் தள்ளு." இன்னும் தள்ளினாள். அப்போது ஒரு மொட்டு கழன்று தொங்கியது, ஓடி வந்து அதைத் தைத்து, மறுபடி தள்ளி நின்று... அதற்குள் பளீர் என்று வெளிச்சம் அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த படத்தில் சிறுமியும் ஜடையும் மட்டும்தான். ஓரத்தை அண்ணாச்சி வெட்டியிருந்தார். ஆல்பத்தில் ஒட்டி, எத்தனையோ வருசம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், வெட்டினது என்று யாருக்கும் தோன்றவில்லை. நெகட்டிவ் வெட்டாமல் இருந்தது. கண்ணாடியின் இடது ஓரத்தில் தாவணி போட்ட ஒரு பெண், ஊசி விரலில், வாயில் நூல், பல்லால் நூலைக் கடித்துக்கொண்டு கண்ணை இடுக்கித் தங்கச்சியின் பின்னலைப் பார்க்கிறாள். பதினேழு வயசு இருக்கும். முப்பிடாதி அந்த முகத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். புள்ளி புள்ளியாகப் போகும்வரை பெரிதாக்கினாள்.

அப்போது பக்கத்தில் ஷைலஜா வந்து நின்றாள், கண்காட்சிக்கு பேனர் வடிவமைக்கிறவள். "செம மேடம்! இதுதான் பேனர். இதுதான்" என்று குதித்தாள். அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஓரத்துல இருக்கிற அக்கா மட்டும் கொஞ்சம் டிஸ்டர்ப் பண்றாங்க. கிராப் பண்ணிரலாமா?" என்றாள். அவள் மேல் தப்பு இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும். தெரிந்த ஒருத்தி வாயைத் திறந்திருக்க வேண்டும். அது நான், அது எங்க அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முப்பிடாதி "பார்க்கலாம்" என்றாள். விவரம் எழுதுகிற கட்டத்தில் அவள் கை தானாக அடித்தது: சிறுமி, ஜடை அலங்காரம், கண்ணாடி, பின்னணியில் அடையாளம் தெரியாத பெண். அடையாளம் தெரியாத பெண்! அடித்துவிட்டு டீ குடிக்கப் போனாள், அதுதான் கொடுமை. டீயையும் நன்றாகக் குடித்தாள். ஏன் அப்படி அடித்தாள் என்று இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை கோணத்தில் யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது. பேரைப் போட்டால் உரிமை யாருக்கு என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் அக்காவிடம் போக வேண்டும். அக்காவிடம் போனால் அக்கா கேட்கிற முதல் வார்த்தை, ஆல்பம் எங்கே. அம்மாவுக்கு வருசம் கழித்த அன்று சாப்பாடு முடிந்து எல்லாரும் அசந்து கிடந்த நேரத்தில் அவள் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஆல்பத்தை எடுத்து, துண்டில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். திருட்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. இங்கே கிடந்தால் பூச்சி அரித்துவிடும், நான் முறைப்படி பாதுகாப்பேன் என்றுதான் நினைத்தாள். பெருமையாகக்கூட நினைத்தாள். மறுநாள் போன் வந்தது. "ஏட்டி, ஆல்பத்த நீயா எடுத்துட்டுப் போன?" "ஆமாக்கா, பத்திரமா வைக்கத்தான். உனக்கு இதெல்லாம் எப்படி வைக்கணும்னு தெரியாதுல்லா." "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?" அதோடு வைத்துவிட்டாள். வைத்தவள் வைத்தவள்தான். ஊருக்கெல்லாம் கேட்டு எடு, கேட்டு எடு என்று விரலை ஆட்டுகிறவள், அக்காவிடம் கேட்கவில்லை. சரி, எடுத்ததுதான் எடுத்தாய், முறைப்படி பாதுகாத்தாயா? இந்த ஞாயிறு உறை வாங்க வேண்டும், அடுத்த ஞாயிறு பெட்டி வாங்க வேண்டும் என்று ஞாயிறுகள் போயின. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது சேகரன் எடுத்து லாஃப்டில் போட்டார். அவரையும் சொல்ல முடியாது. போடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றது யார்? சொட். சொட். வாளி நிறைகிற சத்தம் வேறு மாதிரி இருக்கிறது இப்போது, வாயில் வைத்து உறிஞ்சுகிற மாதிரி. சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது, அவளுக்கே தெரியும். யார் காசு கொடுத்தது என்பதற்கு ரசீது கிடையாது. உரிமையாளர் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் வந்து கேட்கப் போவதில்லை, ஆலங்குளத்தில் பீடி சுற்றுகிற பொம்பளை சென்னைக்கு வந்து பேனரைப் பார்க்கப் போகிறாளா? ஓரத்தையும் வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு நெஞ்சு கரித்தது. அசிடிட்டியா என்று யோசித்தாள். அசிடிட்டி இல்லை.

காலிங் பெல் அடித்தது. ப்ளம்பர் ஏழுமலை வந்துவிட்டான், மணி ஒன்று. "டிராபிக்கு மேடம்" என்றான், அவன் வீடு அடுத்த தெரு. ஸ்டூலை அவனே இழுத்துப் போட்டு ஏறினான். லாஃப்ட் கதவைத் திறந்ததும் ஒரு மக்கின வாடை இறங்கி வந்து அறை பூராவும் உட்கார்ந்தது. அந்த வாடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் வீட்டுப் பெட்டிகளில் மோந்து பார்த்து உச்சுக் கொட்டுவாள். "சாமான எல்லாம் எறக்கணும் மேடம், அப்பதான் ஸ்லாப் தெரியும்" என்று இட்லிக் குண்டானை நீட்டினான். வாங்கினாள். மிக்ஸியை நீட்டினான். வாங்கினாள். தலையணை, கொசுவலை, உடைந்த சைக்கிள் பம்ப். அவள் கை வாங்கிக்கொண்டே இருந்தது. "இந்த நீலப் பொட்டி ஊறிப்போச்சு மேடம். கனமா கீது. உள்ள என்னா, பொஸ்தகமா?" "குடுங்க" என்றாள். தரையில் வைத்துத் திறந்தாள். கறுப்பு அட்டைப் பக்கங்கள் ஓரத்தில் உப்பி, அரிசி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. முன்பக்கத்துப் படங்கள் தப்பித்திருந்தன, அம்மா, அப்பா, ஒரு ஆட்டுக்குட்டி. நடுப்பக்கத்தில் மேலே மூடுகிற எண்ணெய்த்தாள் படத்தோடு ஒட்டிக்கிடந்தது. ஜடைப் படம். தாளுக்கு அடியில் சிறுமி ஒரு மூட்டம் மாதிரித் தெரிந்தாள். பிய்க்கக் கூடாது. பிய்த்தால் முகம் தாளோடு வந்துவிடும். இதுவும் அவள் விரலை ஆட்டிச் சொல்கிற பாடம்தான். பிய்க்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் டிஷ்யூ பேப்பரை வைத்தாள், ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டாள். கை வேலையைச் சரியாகத்தான் செய்தது. செய்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். யோசித்தால் பண்ணமாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல் பண்ணினாள்.

நாலு ரிங் போனபிறகு எடுத்தாள். "யாரு?" என்றாள் அக்கா. நம்பரைப் பார்த்துத்தான் எடுத்திருப்பாள், இருந்தாலும் யாரு என்று கேட்டாள்.

"நாந்தான்க்கா. முப்பிடாதி."

"ம்."

மேலே ஏழுமலை உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தான். அக்கா கேட்டாள், "அங்க என்ன சத்தம்? வீட்ட இடிக்கியா?"

"லாஃப்ட் ஒழுகுதுக்கா. ஆள் வந்து பாக்கான்." வாய் தானாக ஊர்ப்பேச்சுக்குத் திரும்பியிருந்தது. வேறு ஏதாவது பேசலாம். மச்சான் சௌக்கியமா, மழை உண்டா. பேசலாம்தான். "அக்கா, ஆல்பம் லாஃப்டுலதான் இருந்துச்சு. நனைஞ்சிட்டு."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"எந்தப் படம்?"

"ஜடைப் படம். ஒட்டிக்கிட்டு. வேற எல்லாம் கொஞ்சம்தான்."

"பத்திரமா வைக்கத் தெரிஞ்சவள்லா நீ" என்றாள் அக்கா. திட்டினால் தேவலை. திட்டவில்லை. "எனக்குத் தெரியாதுன்னுல்லா எடுத்துட்டுப் போன. ட்ரங்குப் பொட்டில கெடந்துச்சு, அது பாட்டுக்கு, ஒரு சொட்டு விழல."

"கேட்டிருக்கணும்க்கா. ஒங்கிட்ட கேக்காம எடுத்தது தப்புதான். நான் திருடித்தான் எடுத்தேன்."

அக்கா போனை வைக்கவில்லை. முப்பிடாதி வேகமாகச் சொன்னாள், வைத்துவிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று: சுடர் ஸ்டூடியோ பெட்டி வந்ததை, நெகட்டிவ் கிடைத்ததை, கண்காட்சியை, பேனரை. "நீ காசு குடுத்து எடுத்த படம். அதனால சட்டப்படி அது ஒன்னுது. நீ சரின்னு சொன்னாத்தான் போட முடியும். வேண்டாம்னா போட மாட்டேன். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"எடுத்தது தாவீது அண்ணாச்சி, நின்னது நீ. எனக்கு என்ன அதுல?"

"நீயும் அதுல இருக்கக்கா."

"சும்மா கெடட்டி, கோட்டிக்காரி. என்னைய தள்ளு தள்ளுன்னு தொரத்தி விட்டாருல்லா."

"கண்ணாடில விழுந்திருக்க. நம்ம படத்துல ஓரத்த வெட்டிட்டாரு, அதான் தெரியல. நெகட்டிவுல முழுசா இருக்க. மொட்டு கழண்டுச்சே, அதத் தச்சுட்டு நிக்க."

உளிச் சத்தம் நின்றது. ஏழுமலை ஸ்டூல் மேல் நின்றபடி பார்த்தான், பேசட்டும் என்று விட்டான் போல. அக்கா குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி:

"நல்லாருக்கேனா?"

அந்த வயசில் அக்காவுக்கு வேறு படமே இல்லை. கல்யாணத்தில் எடுத்ததுதான் முதல் படம், அதிலும் குனிந்திருப்பாள். ஆல்பத்தை எத்தனை தடவை புரட்டியும் இது தனக்கு உறைக்கவில்லையே என்று முப்பிடாதிக்கு இருந்தது.

"நூலப் பல்லால கடிச்சுக்கிட்டு நிக்க. கண்ண இடுக்கிக்கிட்டு."

"சீ, அந்தக் கோலத்துலயா!" என்றாள் அக்கா. சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அது ஊதாத் தாவணி. தெரியுதா?"

"கறுப்பு வெள்ளைல்லாக்கா."

"ஊதாதான். ஒரே தாவணிதான் நல்லதா இருந்துச்சு. அதான் கட்டிக்கிட்டு வந்தேன், என்னையும் எடுப்பாருன்னு."

ஜடையைத் தைத்ததும், பஸ்ஸில் சுவராக நின்றதும், சப்பரம் என்று சிரித்ததும் எல்லாம் அந்தத் தாவணியோடுதான். முப்பிடாதி ஜடையைத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். அவள் ஃபேன் காற்றில் டிஷ்யூ பேப்பர் லேசாக எழுந்து எழுந்து அமர்வதைப் பார்த்தாள்.

"பேனர்ல போடுதியோ என்னத்துல போடுதியோ, போடு" என்றாள் அக்கா. "ஆனா அவரு வெட்டுன மாதிரி நீ வெட்டாத. ஆல்பத்தக் காய வச்சு எடுத்துட்டு நேர்ல வா. கையெழுத்தும் அப்பதான். தபால்ல அனுப்புன, கிழிச்சுப் போட்டுருவேன்."

"நாளைக்கு ராத்திரி வண்டில வாரேன்க்கா."

"எம் பேரு போட்டிருக்கா அதுல?"

இதற்குப் பொய் சொல்லலாம். சொன்னால் அக்காவுக்குத் தெரியவே தெரியாது. "போடல" என்றாள் முப்பிடாதி. "யாருன்னு தெரியாதுன்னு எழுதிட்டேன்."

"யாருன்னு தெரியாதுன்னா?"

"ஆமா."

"இப்பத் தெரியும்லா. போடு."

"போடுதேன். மாடத்தின்னு போடவா?"

"முழுசாப் போடுட்டி. மாடத்தியம்மாள். ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்கு."

இருபது வருசப் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. "இனிஷியல் அப்பாவுதா, மச்சானுதா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"அந்தத் தாவணி கட்டுனப்ப எது இருந்துச்சோ, அத."